நான் ஒரு நியூஸ் சர்வரை அணைத்த விதம்

ஒரு பெண்ணிடம் போன் நம்பர் கேட்க ஆயிரம் வழி உண்டு. அதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்துச் சமர்ப்பித்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். நம்பரும் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் எனக்கு வேலை. தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிற வேலை. (இடையில் என்னதான் செய்கிறாய் என்று அக்கா இன்றும் கேட்கிறாள்.) அங்கே ஒரு மூலையில் நியூஸ் சர்வர் ஒன்று இருந்தது. வாட்ஸ்அப் வராத காலத்து அரட்டைப் பலகை. தலைப்புவாரியாகக் குழுக்கள்; ஒருவர் எழுதிப் போட்டால் மற்றவர்கள் அடியில் பதில் போடுவார்கள். நான் அங்கே மாணவனாக இருந்தபோது தமிழ் பேசும் எல்லையோரப் பிள்ளைகளுக்கென்றும் ஒரு குழு உண்டு. வகுப்பில் எங்களைப் பாண்டி என்பார்கள். நாகர்கோவிலுக்குப் போனால் மலையாளத்தான் என்பார்கள். அந்தக் குழுவில் மட்டும்தான் நாங்கள் நாங்களாக இருந்தோம். அதுவும் ஆங்கில எழுத்தில்.

ஷீலாவும் அதில் இருந்தாள். பனச்சமூட்டுக்காரி, என் வகுப்பு. படிப்பு முடிந்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து கழன்றார்கள், அவள் கழலவில்லை. கடைசியில் அந்தப் பெரிய சர்வருக்கு உபயோகிப்பாளர்கள் இரண்டே பேர். அவள் எழுதுவாள், நான் ஒரு ஜோக் போடுவேன், அவள் ‘ஹி ஹி’ என்பாள். வருடக்கணக்கில் இதுதான் எங்கள் உறவு. அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுகூட அக்கா சந்தையில் விசாரித்துச் சொல்லித்தான் தெரியும். நம்பர் கேட்பது சீரியஸான காரியம். சீரியஸான காரியம் எனக்குச் சிறு வயது முதலே ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு நாள் எங்கள் தலைவர் தாமஸ் சார் மூலையைக் காட்டினார்.

“எடோ, அந்தப் பெட்டி வெறுதே கறண்டு தின்னுது. யாருக்காக்கும் அது?”

“சார், உபயோகிப்பாளர்கள் உண்டு.”

“எத்தனை பேரு?”

“...ஆண்களும் பெண்களுமா உண்டு சார்.”

பொய்யில்லை. ஆனாலும் அவர் மசியவில்லை. “நிறுத்திடு. மாற்று ஏற்பாடு என்னன்னு எழுதித் தா.”

எழுதினேன். இணைய மன்றம், மெயிலிங் லிஸ்ட், வாட்ஸ்அப் குழு என்று ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் அலசினேன். ‘உபயோகிப்பாளர்களின் தொலைபேசி எண்களைச் சேகரிக்க வேண்டிய அவசியம்’ என்று தனி அத்தியாயமே வைத்தேன். தாமஸ் சார் அந்த அத்தியாயத்தை மட்டும் கோணலாக வெட்டிவிட்டு, “மெயிலிங் லிஸ்ட் மதி” என்றார். போதுமாம்.

பல்கலைக்கழகத்து மெயில் முகவரிகள் எல்லாவற்றையும் லிஸ்டில் சேர்த்தேன்; லிஸ்டின் முகவரிக்கு ஒரு மெயில் போட்டால் அத்தனை பேருக்கும் போய்விடும். மஸ்கட்டிலிருந்து ஷீலாவும் சேர்ந்தாள். இனி பழைய பதிவுகளை அங்கே மாற்ற வேண்டும். முறைப்படி செய்தால் அவை சத்தமில்லாமல் லிஸ்டின் காப்பகத்தில் போய் உட்காரும். நான் சுருக்கு வழி கண்டுபிடித்தேன்: ஒவ்வொரு பதிவையும் லிஸ்டின் முகவரிக்கே மெயிலாக அனுப்பும் ஒரு நிரல். எல்லாக் குழுக்களையும் தேர்ந்தெடுத்து, தட்டிவிட்டு, சாயா குடிக்கப் போனேன்.

அந்த ‘எல்லா’வுக்குள் டெஸ்ட் குழுவும் இருந்தது.

நியூஸ் சர்வரில் டெஸ்ட் குழு என்று ஒன்று இருக்கும். பதிவு போகிறதா என்று சோதிக்க அதில் ஏதாவது கிறுக்குவார்கள். யாரும் வாசிக்க மாட்டார்கள். மாணவனாக இருந்தபோது ஷீலாவிடம் சொல்ல முடியாததையெல்லாம் நான் அங்கேதான் எழுதிப் போட்டேன். ‘டெஸ்ட். நீ இன்றைக்கு லேபுக்கு வரவில்லை. சர்வர் நன்றாக வேலை செய்கிறது. நான் செய்யவில்லை.’ ‘டெஸ்ட். பனச்சமூட்டில் மழை உண்டா? இங்கே உண்டு. ஒரே மழையில்தான் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்கிறேன்.’

சாயாவும் பழம்பொரியும் முடிந்து திரும்பினால், இத்தனையும் பல்கலைக்கழகம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்திருந்தது. என் பெயரோடு. புதிய மெயில் ஆனபடியால், பழைய தேதி போய், அனுப்பிய அன்றைய தேதியோடு!

முதல் போன் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் என் அத்தானிடமிருந்து. “மாப்ளே, இங்க ஒரு பெண்ணு உரக்க வாசிக்குது, மத்ததுவ கண்ணத் தொடைக்குதுவ. நீ நல்லாத்தான எழுதுத? ஒனக்கு என்னலே சொகமில்லியா?”

பனச்சமூட்டிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் உடற்கல்வித் துறை வில்சன் சார் மட்டும்தான். மீசையும் விசிலுமாக வாசலில் வந்து நின்று, “மழை இல்ல கேட்டியா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாமஸ் சார் முகம் பார்க்க முடியவில்லை. “இப்பமே மன்னிப்பு எழுது. எல்லாருக்கும் அனுப்பு.”

எழுதினேன்: ‘முந்தைய மின்னஞ்சல்கள் தொழில்நுட்பக் கோளாறால் வந்த வெறும் சோதனைச் செய்திகள். யாரும் பொருட்படுத்த வேண்டாம்.’ என் வாழ்நாளில் ஜோக் இல்லாமல் எழுதிய ஒரே விஷயம். அதை அனுப்பிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

நெய்யாற்றின்கரை தாண்டும்போது மெயிலைத் திறந்தேன். குவிந்து கிடந்த கேலிகளுக்கு நடுவே ஷீலாவிடமிருந்து இரண்டு. முதலாவது என் மன்னிப்புக்கு முன்னால் வந்தது.

‘எல்லாம் வாசிச்சேன். இதுல கொஞ்சம் அந்தக் காலத்திலேயே வாசிச்சதாக்கும். டெஸ்ட் குழுவ நானும் பாப்பேன். என்னைக்காவது நீ நம்ம குழுவுல எழுதுவன்னு நெனச்சேன். இப்ப தேதி இன்னைக்கு உள்ளதா இருக்கு. இன்னைக்கு எழுதுனதுதானா? அடுத்த மாசம் லீவுக்கு வாறேன்.’

இரண்டாவது, பின்னால் வந்தது. ‘சரி. காரியமாக்கல்ல.’ பொருட்படுத்தவில்லையாம்.

ரயில் பாறசாலையில் நின்றது. நான் இறங்காமல் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். ‘அன்றைக்கு எழுதியதுதான், ஆனால் இன்றைக்கும் அதுதான்’ என்று எழுதினேன். வாசித்தேன். அழித்தேன். பிறகு என் விரல்கள் தாமாகவே, ‘சர்வருக்கு வயசாயிட்டுல்லா, சாகும்போது பழையதெல்லாம் பொலம்புது’ என்று தட்டி அனுப்பிவிட்டன.

‘ஹி ஹி’ என்று வந்தது.

மறுநாள் சர்வரை அணைத்தேன். விசிறியின் இரைச்சல் அடங்கிய பிறகு அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அந்த மெயிலிங் லிஸ்டில் எல்லையோரத் தமிழில் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. கூட்ட அறிவிப்புகள் வருகின்றன. ஷீலா லீவுக்கு வந்தாள். நான் நான்கு தடவை பனச்சமூடு பஸ்ஸில் ஏறி, நான்கு தடவையும் வெள்ளறடையிலேயே இறங்கித் திரும்பினேன். அவள் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அத்தான் புண்ணியத்தில் வீட்டுக்கு எல்லாம் தெரியும். சோறு போதும் என்று நான் சொன்னால்கூட, “அவன் பறையதக் காரியமாக்காத, டெஸ்டாக்கும்” என்று இன்னொரு கரண்டி விழும். போன மாதம் தரகர் ஒருவர் வந்தார். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றேன். அக்கா அவருக்குச் சாயாவை நீட்டிக்கொண்டே, “இவன் பறையது ஒண்ணையும் காரியமாக்காதிய” என்றாள். வீடே சிரித்தது. வழக்கம்போல நானும்தான்.

தரகர் போனபின் அக்கா தம்ளரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

“எலே மக்கா, அன்னைக்கு அந்த மன்னிப்புக்குக் கீழ நான் தரகர்ட்ட சொன்ன இந்த ஒரு வரிய எழுதி விட்டிருக்கப்பிடாதா?”