பல்லி வீட்டில் பொங்கிய மாவு

மெப்பல்,
ஜனவரி முதல் தேதி

அன்புத் தங்கை ஃபெம்கெவுக்கு,

அண்ணன் ஹெஸ்ஸெல் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் அண்ணி ஹிலியும் சுகம். ஸ்பெயினில் நீயும் வெயிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பெரணிச் செடிகளும் சுகம். இந்த வரிசையில் உன் பல்லி ஒட்டோவின் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். பதறாதே. பாடத்தை முதலிலிருந்து நடத்தினால்தான் எனக்கு வரும்.

பெரணிகளோடு ஒட்டோ குடியிருக்கும் கண்ணாடிப் பெட்டியை, நீ எங்களிடம் விட்டுப்போனபோது சொன்னபடியே பார்த்துக்கொண்டேன். விளக்கு வேளைக்கு எரிந்தது, தெளிப்பான் வேளைக்குப் பனி பொழிந்தது, பெரணிகள் சுருட்டிய குருத்தை நிதானமாக அவிழ்த்தன. நேற்று வருஷக் கடைசி நாள். புத்தாண்டுக்கு ஒலிபோல் உருண்டை பொரிக்க ஹிலி ஈஸ்ட் போட்டு, ஆப்பிள் துண்டுகள் சேர்த்து மாவு கரைத்து வைத்தாள். சமையலறைக் குளிரில் அது பொங்கவே இல்லை. விருந்தாளிகள் வரும் நேரமோ நெருங்கிவிட்டது.

"ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்களேன்!" என்றாள்.

"எதுக்கு வீண் செலவு? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ."

"மாவுக்கு எந்தப் பக்கம் ஸ்வெட்டர் மாட்டுறதாம்? அங்க பாருங்க, உங்க தங்கச்சி பல்லி மகாராஜா மாதிரி குளிர் காயுது. நான் மூக்கு சிவந்து நிக்கிறேன்!"

அப்போதுதான் எனக்கு அந்த விபரீத ஞானம் பிறந்தது. பெரணிக்கு என்ன வேண்டும்? இளஞ்சூடு, ஈரம், காற்று வீசாத இடம். மாவுக்கு? அதேதான். ஒரே பாடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளை ஏன் தனித்தனி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்? பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மாவு நன்றாகப் படித்தது. மிக நன்றாகவே படித்தது. நாங்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டுத் திரும்பினால், அது பாத்திரத்தைத் தாண்டி, பாசியை விழுங்கி, சின்னப் பெரணிகளின் கழுத்துவரை ஏறி, மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பெட்டியிலிருந்த பெரிய பெரணியைத் தொட்டியோடு குளியலறைக்குத் தூக்கிப் போய் வைத்தேன். மிச்ச மாவை ஹிலி வழித்தெடுத்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. அவசரமாகப் பொரிக்க ஆரம்பித்தோம். பாதி பொரித்த பிறகுதான் கவனித்தோம், பெட்டியில் ஒட்டோ இல்லை.

அதன்பின் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஒவ்வொரு உருண்டையையும் பிளந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைத்தேன்.

"என்ன சார், பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு யோக்கெ. "பச்சையா ஏதோ தெரியுதே, கீரையா?"

"புதுப் பக்குவம்," என்றாள் ஹிலி, கண்ணிமைக்காமல்.

மச்சான் கெரிட் எதையோ நறுக்கென்று கடித்தார். வாயிலிருந்து எடுத்துப் பார்த்து, "ஆப்பிள் காம்பு," என்றார். ஹிலி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு, மேலே சர்க்கரைத்தூள் ஒட்டியபடி கிளம்பினார்கள். வீடு முழுக்கத் தேடிவிட்டோம். திரைச்சீலையில் இல்லை, செருப்பில் இல்லை. யார் வயிற்றில் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஃபெம்கெ, உன் தனிமைக்கு அது எப்பேர்ப்பட்ட துணை என்பது எனக்குத் தெரியும். அடுத்த ரயிலிலேயே வந்து என்னை நாலு வார்த்தை திட்டிவிடு. இனி என் ஆயுளில் அந்தப் பெட்டிக்குள் சாப்பிடும் பொருள் எதையும் வைக்கமாட்டேன். இது சத்தியம்.

புத்தாண்டு உனக்காவது நன்றாக விடியட்டும்.

உன் பாவி அண்ணன்,
ஹெஸ்ஸெல்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது குளியலறையிலிருந்து ஹிலி கூச்சலிட்டாள். பெரிய பெரணியின் நடுக்குருத்துக்குள், காய்ந்த இலையைப் போலச் சுருண்டு படுத்திருக்கிறது ஒட்டோ. ராத்திரியெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆகவே மேலே எழுதியதைப் படிக்காதே. எழுதிய தாளை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். ரயில் ஏறவும் வேண்டாம், வசந்தம் வரை அங்கேயே வெயில் காய்ந்துவிட்டு வா. நேற்று உருண்டை தின்ற அத்தனை பேரும் பக்குவம் கேட்டு நச்சரித்தார்கள், ஹிலியும் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்போது யோக்கெ ரொட்டி மாவோடு வாசலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கெரிட். "பல்லியக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க," என்கிறார்.