சிவப்பு மையில் என் பதில்கள்

என் சாய்வு நாற்காலியை ஜன்னலோரத்துக்கே திரும்பக் கொண்டுபோவது என்று சபதம் எடுத்தேன். பதினாறு வருஷமாக அது இருந்த இடம். இப்போது அங்கே என் மனைவியின் மேஜை. நாற்பத்து நாலு வயசில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். பாடம், இயந்திரங்களைச் சீராக ஓடவைக்கும் கட்டுப்பாட்டு இயல். என்னைக் கட்டுப்படுத்த இவளுக்குப் பட்டம் வேறு வேண்டுமா? கேட்கவில்லை. நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி குளியலறை வாசலுக்குப் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் என் காலைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறார்கள். அழுகையாக வந்தது.

போன ஞாயிறு வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக பாய்லர் ஓட்டுகிறவன். விடுவேனா?

"கேளு, நான் சொல்றேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"உங்க புரொபசர் படத்துல பாத்த பாய்லரை நான் கையால தொட்டவன். என் பதில் எல்லாம் சரின்னு வந்தா ஜன்னல் எனக்கு. சம்மதமா?"

"தப்பா இருந்தா?"

"இருந்தாத்தானே! அப்படி இருந்தா மேஜை அங்கேயே கிடக்கட்டும். நான் மூச்சு விடமாட்டேன்."

தாளை என் பக்கம் காட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணிச் சூடு ஒரு நிலையில நிக்காம ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"வால்வை இன்னும் வேகமா, இன்னும் நிறையத் திருப்பணும்."

"திருப்பினது குழாய் வழியா வந்து சேர நேரமாகுமே?"

"வரலைன்னா இன்னொரு திருப்பு."

"காலையில குளிக்கறப்போ 'ஐயோ சுடுது', 'ஐயோ குளிருது'ன்னு மாத்தி மாத்திக் கத்துறீங்களே, அது இந்த முறைதானா?"

"அது வேற குழாய்."

"சரி. மீட்டர் தப்பாக் காட்டினா?"

"ஒரு தட்டு தட்டணும்."

"அப்பவும் தப்பாக் காட்டினா?"

"மீட்டரைப் பாக்கக்கூடாது."

இப்படி எட்டுக் கேள்வி. எட்டுக்கும் யோசிக்காமல் பதில். நான் சொன்னதை வரி விடாமல் சிவப்பு மையில் எழுதினாள். முக்கியமானது என்பதால் சிவப்பு என்று நினைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் நீல மையில் ஒரு பக்கம் எழுதினாள். பாராட்டு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தாள் திரும்பி வந்தது. முழு மதிப்பெண்! நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினேன். மேஜையில் கை வைத்தேன்.

"கேள்வியைப் படிச்சிட்டுத் தள்ளுங்க" என்றாள்.

படித்தேன். 'துறையில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவர் வழக்கமாகச் செய்யும் ஐந்து தவறுகளைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் திருத்தி எழுதுக.'

மேஜையிலிருந்து கையை எடுத்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை.

"ஏம்மா, நான் எட்டு பதில் சொன்னேனே. இதுல அஞ்சுதானே இருக்கு? அப்போ மீதி மூணு..."

"அடுத்த வீட்டுப்பாடத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன். நாற்காலியைப் பழையபடி போட்டுட்டு இப்படி வந்து உக்காருங்க. அதுக்கும் அஞ்சு வேணும், இன்னும் ரெண்டு குறையுது."