அசல் டூப்ளிகேட்

இந்த ஜென்மத்தில் ஒரு நல்ல வாட்ச் கட்டாமல் கண்ணை மூடுவதில்லை என்று சபதம் செய்தேன். குளியலறைக்குள் வைத்துத்தான் செய்தேன். எங்கள் வீட்டில் நான் வீரவசனம் பேச அனுமதியுள்ள இடம் அது ஒன்றுதான்.

நல்ல வாட்ச் என்றால் மணி பார்ப்பதற்கு அல்ல. மணி சொல்லத்தான் மனைவி இருக்கிறாளே. நான் சொல்வது பேட்டரி இல்லாமல், கையசைவிலேயே ஓடுகிற உயர்ந்த ரகம். சாதாரண வாட்ச்சில் விநாடி முள் டக் டக் என்று நொண்டியடிக்கும். இதில் வழுக்கிக்கொண்டு போகும். காதில் வைத்துக் கேட்டால்தான் லேசாக ஒரு முணுமுணுப்பு.

விலைதான் சத்தம் போடும். நான் பணம் சேர்த்துக்கொண்டு போவதற்குள் அது மேலே போயிருக்கும். நான் படியேறினேன், அது லிஃப்டில் போனது. கேட்டால் தங்கம் ஏறிவிட்டது, வரி ஏறிவிட்டது என்றார்கள். என் சம்பளம் ஏறாததைப் பற்றி ஒருவரும் வருத்தப்படவில்லை.

ஒருநாள் துணிந்து கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். கையுறை மாட்டிய விற்பனையாளர் என் சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த நீல வாட்ச்சை எடுங்க, பார்க்கலாம்."

"அது பார்க்கிறதுக்கு மட்டும்தான் சார். விக்கிறதுக்கு இல்லை."

"பின்னே எதுக்குக் கடைன்னு போர்டு மாட்டியிருக்கீங்க?"

"பேர் குடுத்துட்டுப் போங்க. எங்ககிட்ட இதுக்கு முன்னாடி என்னென்ன வாங்கியிருக்கீங்க?"

"ஒண்ணும் வாங்கினதில்லையே."

"முதல்ல ஒரு மோதிரம், ஒரு பேனா, ஒரு பர்ஸ்னு வாங்க ஆரம்பிங்க. அப்புறமா இதை உங்களுக்கு விக்கலாமான்னு மேலிடத்துல யோசிப்பாங்க."

எனக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கொடுத்திருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

புதுசு கிடைக்காது என்று தெரிந்தபின் பழசுக்கு இறங்கினேன். நான் பொய்ப் பல் செய்கிற லேபில் வேலை செய்கிறேன். ஊரில் பாதிப் பேர் என் பற்களால்தான் சிரிக்கிறார்கள். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பல் டாக்டர் ஒருவருக்கும் இந்த வாட்ச் வியாதி உண்டு. இன்னொரு வாட்ச் மேல் ஆசை வந்து, கட்டிக்கொண்டிருந்ததை விற்கப் பார்த்தார். நான் வீட்டுக்குத் தெரியாமல் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்திருந்த அத்தனையையும் துடைத்துக் கொடுத்து அதை வாங்கினேன்.

"டாக்டர், பெட்டி?" என்றேன். விவரம் தெரிந்தவர்கள் பெட்டி இல்லாமல் வாட்ச் வாங்கமாட்டார்கள். பெட்டி இருந்தால்தான் பிற்பாடு மதிப்பு.

"தேடி எடுத்துக் குடுத்தனுப்பறேன்" என்றார்.

அடுத்த பிரச்சினை மனைவி. அவள் துணிக்கடையில் மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறாள். கட்டிப் பார்க்கவேயில்லை என்று கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைத் திருப்பிக்கொண்டு வருபவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவள். பொய்யை மடிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் நான் மட்டும் சளைத்தவனா? பொய்ப் பல்லை நிஜப் பல்லாகக் காட்டுவது என் பிழைப்பு. நிஜத்தைப் பொய்யாகக் காட்டுவதா பெரிசு? தோல் வாரைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் வார் ஒன்றைப் பிளாட்பாரத்தில் வாங்கி மாட்டினேன். வாட்ச்சின் கௌரவம் அங்கேயே செத்துவிட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலட்சியமாக ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க அது?"

"வாட்ச். டூப்ளிகேட். பிளாட்பாரத்துல போட்டு வித்தான்."

"எவ்வளவு?"

ஒரு வேளை டிபன் செலவைச் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" வாங்கி உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கே."

"உள்ளே ஈயத்தைப் போட்டு ஏமாத்துறானுங்க."

"பாவிங்க" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் மார்பளவு அன்றைக்கு எடுத்திருந்தால் சட்டையெல்லாம் மாற்றியிருக்க வேண்டும்.

லேபில் ஒரே பிளாஸ்டர் தூசி. அதனால் வாட்ச்சை வேலைக்குக் கட்டிப் போவதில்லை. பீரோவில் படுக்கவைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் சாயந்திரம் வந்து பார்த்தால் படுக்கை காலி.

"ஏய்! வாட்ச் எங்கே?"

"அதுவா? என் தம்பி வந்தான். அவன் கையில வாட்ச்சே இல்லை. எடுத்துக்கடான்னு குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா!"

"ஏங்க கத்துறீங்க? டூப்ளிகேட்தானே?"

"டூப்ளிகேட்தான்... ஆனா எனக்குப் பிடிச்ச டூப்ளிகேட்!"

"நாளைக்கே அதே பிளாட்பாரத்துல இன்னொண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு. ஏங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

காற்றே இல்லை என்று சொல்லி வெளியே ஓடினேன். என் மச்சினன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன். நான் போனபோது முழங்கைவரை சோப்புத் தண்ணீருக்குள் கையை விட்டிருந்தான். அந்தக் கையில்தான் என் உயிர் இருந்தது.

"மாப்ளே! கையை எடு!"

"என்ன மாமா, ஷாக் அடிக்குதா?"

எனக்குத்தான் அடித்தது. வாட்ச்சைத் திருப்பிக் கேட்டேன். அக்கா ஆசையாகக் கொடுத்ததைத் தரமாட்டேன் என்றான். கெஞ்சினேன். புது வாட்ச் ஒன்று, கடையில் பில் போட்ட ஒரிஜினல் வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மாமா, டூப்ளிகேட்டுக்கு ஒரிஜினலா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வாடா கடைக்கு!"

கடன் அட்டையைத் தேய்த்து அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, மஞ்சள் வாரோடு என் வாட்ச்சை மீட்டேன். காதில் வைத்துக் கேட்டேன். டக் டக் என்றது. பாவம், சோப்புத் தண்ணீரில் கிடந்ததில் படபடப்பு போல. முள்ளும் கொஞ்சம் நொண்டியது. கண்டவன் கையில் கட்டினால் எந்த உயர்ந்த பொருளுக்கும் மனசு உடைந்துதானே போகும்? துடைத்து, தடவிக்கொடுத்து, இனி உன்னை யாரிடமும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து தூசியாவது மண்ணாவது, லேபுக்கும் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து மேஜைக்காரரிடம், அசலை ஆயிரம் போலிகளுக்கு நடுவிலும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன் என்று அளந்தேன்.

நான் வாங்கிய சில நாளிலேயே விலை இன்னொரு முறை ஏறியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விலையேற்றம் எனக்குச் சாதகமாக நடந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை டாக்டரிடம் காட்டாவிட்டால் தூக்கம் வருமா? ஒரு பல் செட்டைக் கொடுக்கும் சாக்கில் கிளினிக்குக்குப் போனேன்.

"டாக்டர், வித்துட்டோமேன்னு வருத்தமா இருக்குமே!" என்று கையை நீட்டினேன்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் சொத்தைப் பல்லைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும்.

"நல்லா பண்ணியிருக்கான். பிளாட்பாரமா?"

"விளையாடாதீங்க டாக்டர். நீங்க குடுத்ததுதான்."

"நான் குடுத்தது இங்கேல்ல இருக்கு" என்று கோட்டின் கையைச் சுருட்டினார். அவர் மணிக்கட்டில் விநாடி முள் வழுக்கிக்கொண்டு போனது.

நான் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெட்டியை நர்ஸ்கிட்ட உங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பினேனே. மறுநாளே உங்க வீட்டம்மா வாட்ச்சைப் பெட்டியில வெச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. அளவு சரியில்லை, திருப்பி எடுத்துக்கணும்னாங்க. நானும் வித்துட்டமேன்னு தவிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க குடுத்த பணத்தையே தர்றேன்னேன். புது விலை என்னன்னு விசாரிச்சுட்டு வந்திருக்காங்க! ஏறினதுக்கும் சேர்த்து வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. கெட்டிக்காரி சார்!"

வழியெல்லாம் கேள்விகளைத் தயார் செய்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொன்றும் இடி மாதிரி இருந்தது. கூடத்துக்குள் கால் வைத்தேன். நடுவில் புத்தம் புது வாஷிங் மெஷின். மச்சினன் குனிந்து குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் நான் வாங்கிக் கொடுத்த ஒரிஜினல் மின்னியது.

"இது ஏது?" என்றேன்.

"வாங்கினேன். இதுவும் விலை ஏறப் போகுதாம், முந்திக்கிட்டேன். கையால துவைச்சுத் துவைச்சு விரலைப் பாருங்க, எப்படி வெடிச்சுக் கிடக்கு."

நீட்டினாள். வெடித்துத்தான் கிடந்தது. இத்தனை நாள் நான் அதைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"பணம் ஏது?"

"ஏங்க, வீட்டுல ஏதாவது காணாமப் போயிருக்கா?"

காணாமல் போனது எது என்று சொன்னால், அது வந்தது எப்படி என்றும் சொல்ல வேண்டும். தயார் செய்த இடியையெல்லாம் அப்படியே விழுங்கினேன்.

"இ... இல்லையே."

"பின்னே ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? வாட்ச் ஓடலையா?"

"ஓடுது" என்றேன்.