மைனருக்குப் பூசிய கருப்பு ஆயில்

புகுந்த வீட்டுக்கு நாயோடு வருகிறவளுக்குப் புத்தி கொஞ்சம் மட்டாகத்தான் இருக்கும் என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்வி. நான் நாயோடுதான் போனேன். எழுபதுகளின் நடுவில், பெரியகுளத்து மாந்தோப்பிலிருந்து போடிக்கு, பித்தளைப் பாத்திரங்களுக்கும் தலையணைகளுக்கும் இடையே செவலை நிறத்து மைனரையும் ஏற்றிக்கொண்டு. (அந்தக் கல்யாண வேனில் வாந்தி எடுக்காத ஒரே ஆள் அவன்தான்.)

மாமனார் ஏலக்காய் வியாபாரி. வீட்டின் பின்கட்டிலேயே மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வீட்டில் கருவாடு கிடையாது, வெங்காயம்கூட வாசலில் உட்கார்ந்துதான் உரிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மைனருக்கு வயிற்றிலும் தொடையிலும் கொப்புளங்கள் கிளம்பின. அவை உடைந்து, வட்ட வட்டமாகத் தோல் உரிந்து, அங்கங்கே முடி கொட்டியது. எந்நேரமும் சொறிந்துகொண்டே இருந்தான். மாமா கண்ணில் பட்டுவிட்டது.

"ஏத்தா, சொறி நாய வச்சுக்கிட்டு நான் யாவாரம் பாக்க முடியாது. சீக்கிரம் கொணமாகலேன்னா ஜீப்புல ஏத்தி மலைத்தோட்டத்துல விட்டுட்டு வரச் சொல்லிருவேன்."

மலைத்தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. மைனர் அதற்கு ஒரு வேளைக்குத்தான் காணுவான். அழவில்லை. இவனை எப்படியும் குணப்படுத்தியே தீருவது என்று கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டேன்.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா?" என்றார் என் கணவர், அப்பா காதில் விழாதபடி.

"எதுக்குங்க? எங்க தோப்புல நாங்க பாக்காத சொறியா?"

எங்கள் தோப்பில் ஆடு, மாடு, நாய் எதற்கு முடி கொட்டினாலும் அது சொறிதான். லாரி ஒர்க்‌ஷாப்பில் வடித்த கருப்பு ஆயிலில் கந்தகத்தூளைக் குழைத்துப் பூசுவோம். நோயை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடும் திறமை அப்போது இருந்தது.

கொல்லையில் கட்டிப்போட்டு, மூக்கு நுனி தவிர பாக்கி இடமெல்லாம் பூசினேன். புண்ணில் ஆயில் பட்ட எரிச்சலில் மைனர் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தான். எங்கே? கிட்டங்கிக்குள். மதுரை வியாபாரிக்குக் காட்டுவதற்காகப் படுதாவில் கொட்டி வைத்திருந்த முதல் தரப் பச்சை ஏலக்காய்க் குவியலில் விழுந்து, முதுகு, வயிறு, மறுபடி முதுகு என்று நிதானமாகப் புரண்டான்.

வியாபாரி அப்போதுதான் காபி குடித்துவிட்டு உள்ளே வந்தார். குவியலின் ஓரத்தில் ஒரு கை அள்ளி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, இது லாரியில வந்த காயா, லாரியிலேயே காய்ச்ச காயா?"

மாமா என்னைத் திட்டவில்லை. "நாய் இனி இங்கன இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப நானும் போறேன் மாமா" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட ஆகவில்லை. கணவரின் வேட்டி ஒன்றை எடுத்து மைனரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு (நல்ல வேட்டி என்று பிறகு தெரிந்தது) கடைவீதி வழியே மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். முகமெல்லாம் ஆயில். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், குடையை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, யாரோ எவரோபோல் பின்னால் வந்துகொண்டிருந்தார் மாமா.

டாக்டர் மைனரைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். நேராக மாமாவிடம் திரும்பினார்.

"வயசான மனுசன், உங்களுக்காவது தெரிய வேணாம்? யாரு இந்த ஆயிலப் பூசுனது?"

நான் வேட்டி நுனியால் முகத்து ஆயிலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் டாக்டர்" என்றார் மாமா.

பிறகு விழுந்த திட்டு இருக்கிறதே! தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே டாக்டர் பொரிந்தார். "இதுல சொறிப்பூச்சியே இல்ல. சொறின்னா பெரும்பாலும் காதோரம், முழங்கைன்னு ஆரம்பிக்கும். இது அடிவயித்துல சீழ் வச்ச கொப்புளம். தெள்ளுப்பூச்சி கடிச்சு, இவன் சொறிஞ்சு, அந்தக் காயத்துல கிருமி பூந்திருக்கு. இதுக்கு ஆயிலா? அவன் நக்கித் தொலச்சா கொடலு என்னத்துக்கு ஆகும்?" ஊர்ச் சந்தையில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் வைக்கும் மனிதர், சினை மாடுகளுக்கு நடுவே தலையைக் குனிந்து "தப்புத்தான், தப்புத்தான்" என்றுகொண்டிருந்தார்.

சோப்புப் போட்டு ஆயிலைக் கழுவி, புண்ணைத் துடைக்க மருந்துத் தண்ணீரும், விழுங்க மாத்திரையும், தெள்ளுப்பூச்சிக்குப் பவுடரும் கொடுத்தார்கள். "புண்ணு ஆறிருச்சேன்னு பாதியில நிப்பாட்டாதீக. ஆறின பெறகும் ஒரு வாரம் குடுக்கணும். இல்லேன்னா திரும்ப வரும்" என்று அதையும் மாமாவிடமே சொன்னார் டாக்டர்.

வெளியே வந்ததும், "ஏன் மாமா?" என்றேன்.

"என் வீட்டுப் பிள்ளைய நான் திட்டலாம். அந்தாளு எப்பிடித் திட்டுவாரு?" என்று குடையை விரித்தார். மலைத்தோட்டத்துப் பேச்சு அதோடு நின்றது. மைனருக்கு முடி பளபளவென்று முளைத்த பிறகும், இட்லிக்குள் மாத்திரையை ஒளித்து வேளை தவறாமல் ஊட்டியது மாமாதான். திட்டு வாங்கியவருக்குத்தான் பயம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து நான் இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், "திட்டு வாங்க மாமாவக் கூப்பிடு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. போன மாதம் என் மருமகள், என் மகனுடைய புதுச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டாள். "யாரு பாத்த வேல இது?" என்று அவன் கத்தினான். அடுப்படியிலிருந்து பேரன் வழக்கம்போல, "திட்டு வாங்க மாமாவக் கூப்பிடு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

"நான்தான்டா" என்று எழுந்து போய் நின்றேன்.