அறுபதாயிரம் லேயர்

“ஒரே நேரத்துல எத்தனை லேயர் வரைக்கும் பார்த்திருக்கீங்க?”

சென்னியப்பன் இப்படிக் கேட்டதும் மணிமாறனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பரமத்தி ரோட்டில் பஸ் டயர் வெடித்து நின்றது, மீதித் தூரத்தை வெயிலில் ஓடியே வந்தது, தாமதமாகிவிட்ட பதற்றத்தில் கண்ணில் பட்ட முதல் திறந்த கதவுக்குள் தலையை நீட்டியது எல்லாமே மறந்துபோயிற்று.

“இன்டர்வியூவுங்களா? வாங்க சாமி, உக்காருங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க” என்று எழுந்து நின்று வரவேற்கிற முதலாளியை அவன் இதுவரை கண்டதில்லை. அவன் நீட்டிய பயோடேட்டாவைக்கூட அவர் வாங்கவில்லை. “பேப்பர் கெடக்குதுங்க. ஆளப் பார்த்தாத் தெரியாதா?” என்றுவிட்டார். அதற்கு மேல் கேட்ட முதல் கேள்வியே அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மணிமாறன் சேலம் அம்மாபேட்டைக்காரன். பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்த்த இடத்தைச் சித்திரையில் மூடிவிட்டார்கள். மனைவி ஜெயப்பிரியா நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். கல்யாணமான முதல் வருஷத்திலேயே மணிமாறன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் புருஷனாக இருந்தான்.

வேலைக்கு அவன் அலையாமலில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் வாய் கெடுத்தது. ஒரு கம்பெனியில் “எங்க லோகோ எப்படி இருக்குது?” என்று ஆசையாகக் கேட்டார்கள். “பல்வலிக்காரர் மூஞ்சி மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வந்தான். அது முதலாளியின் தகப்பனார் படம் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை நண்பன் தமிழரசு போன் செய்து, “நாமக்கல்ல ஒரு முட்டைக் கம்பெனிடா. முட்டை வெக்கிற அட்டைப்பெட்டிக்கு டிசைன் போட ஆள் எடுக்கறாங்க” என்று சொன்னதுமே ஜெயப்பிரியா அவனுக்குப் பாடம் நடத்திவிட்டாள்.

“ஏங்க, அன்னைக்கு ஒரு நாள் வாயைக் கட்டுங்க. எதக் கேட்டாலும் ‘பண்ணிரலாங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. உண்மையெல்லாம் ஊட்டுல வந்து எங்கிட்டப் பேசிக்கலாம்.”

ஆக, சென்னியப்பன் கேட்ட கேள்விக்கு மணிமாறன் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னான். “எண்பது, நூறு வரைக்கும் சர்வசாதாரணமாப் பார்த்திருக்கேனுங்க.”

சென்னியப்பனின் முகம் லேசாக வாடியது. “நூறுதானுங்களா? நம்மகிட்ட அறுபதாயிரம் இருக்குது.”

“அறுபதாயிரமா! எல்லாம் ஒரே இடத்துலயா?”

“நாலு ஷெட்டுங்க.”

ஷெட் என்பது புதிதாக வந்திருக்கிற ஏதோ சாஃப்ட்வேர் போலிருக்கிறது என்று மணிமாறன் நினைத்துக்கொண்டான். “பண்ணிரலாங்க. ஆனா அத்தனையும் தாங்குதுங்களா? கிராஷ் ஆகாது?”

“ஏனுங்க ஆகாது? போன கோடையில ஆச்சே! மத்தியானம் நல்லாத்தான் இருந்துச்சு. பொழுது எறங்கிப் போய்ப் பார்த்தா ரெண்டாயிரம் போயிருச்சு.”

“அடடா. பேக்கப் எதுவும் வெச்சிருக்கலியா?”

“ராசிபுரத்துல மச்சான்கிட்ட இருந்துச்சு. லாரியில ஏத்திக்கிட்டு வந்தோம்.”

பேக்கப்பை லாரியில் கொண்டுவருகிற கம்பெனி! மணிமாறனுக்கு மரியாதை கூடியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“வேண்டாத லேயரை எப்படிச் சமாளிப்பீங்க?” என்றார் சென்னியப்பன்.

“ஒன்னொன்னாத் தனியா எடுத்துப் பார்ப்பேனுங்க. பிரயோசனமில்லாமச் சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குதுன்னா யோசிக்கவே மாட்டேன். தூக்கிருவேன்.”

“அப்படிச் சொல்லுங்க! முன்னாடி இருந்தவனுக்கு அந்தத் தெகிரியம் இல்ல. அப்புறம்?”

“வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பேன். ரிசல்ட் நல்லா வரும்.”

“வருமுங்க, வருமுங்க!”

“நல்லா வந்த லேயர்ல கையே வெக்க மாட்டேன். லாக் பண்ணிருவேன். வேணும்னா அதையே டூப்ளிகேட் பண்ணிக்குவேன்.”

சென்னியப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “டூப்ளிகேட்டுன்னா... அதே மாதிரி இன்னொன்னுங்களா?”

“அச்சு அசல் அதேதானுங்க. ஒரு செகண்டு வேலை.”

“ஒரு செகண்டா!” சென்னியப்பன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நாங்க அஞ்சு மாசம் காத்துக் கெடக்கறோம் சாமி. சரி, சம்பளத்தைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, நான் நெனச்சதுக்கு மேலயே போட்டுக் குடுக்கறேன். கடைசியா ஒன்னே ஒன்னு. லேயரெல்லாம் ஒன்னையொன்னு கொத்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க?”

“பண்ணிர...” என்று ஆரம்பித்த மணிமாறன் பாதியில் நின்றான்.

அவன் கண் சென்னியப்பனின் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. வெள்ளை வெளேரென்று ஒரு கோழி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் கொட்டை எழுத்தில் ‘தரமான லேயர் தீவனம்’ என்று அச்சடித்திருந்தது.

கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர்களுக்கு லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித் தாள் மாதிரி. நாமக்கல்லில் லேயர் என்றால், குஞ்சாக வாங்கி ஐந்து மாசம் வளர்த்தால் முட்டை போடுகிற கோழி. இந்த இரண்டும் வேறு வேறு என்பது மணிமாறனுக்கு உச்சந்தலையில் இறங்கி உள்ளங்கால் போய்ச் சேர்வதற்குள் அவன் குடித்த தண்ணீரெல்லாம் வியர்வையாக வெளியே வந்துவிட்டது.

தமிழரசு எதையும் பாதிக்காதில் வாங்குகிறவன். கோழிக்கு சூப்பர்வைசர் கேட்டிருப்பார்கள், இவன் டிசைனர் என்று சொல்லி அனுப்பிவிட்டான். எழுந்து போய்விடலாம்தான். ஆனால் வந்ததும் தண்ணீர் கொடுத்து, சாமி சாமி என்று கொண்டாடுகிற மனுஷனிடம் என்னவென்று சொல்வது? அவராகவே ‘நீ வேண்டாம், போ’ என்று சொல்லும்படி செய்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மணிமாறன் அந்த வழியில் இறங்கினான்.

“கொத்திக்கிட்டா, பாட்டுப் போட்டு உடுவேனுங்க” என்றான்.

சென்னியப்பன் மேஜையை ஓங்கித் தட்டினார். “எங்க பாப்பா தனப்பிரியாவும் இதையேதான் சொல்லுது! வெளிநாட்டுல பாட்டுப் போட்டுத்தான் வளக்கறாங்களாம். நான்தான் நம்பாம இருந்தேன்.”

“எனக்குக் கோழின்னா பயமுங்க. கையால தொட மாட்டேன்.”

“சூப்பர்வைசர் எதுக்குத் தொடோணும்? முன்னாடி இருந்தவன் தொட்டான். தொட்ட அன்னைக்கெல்லாம் அவன் ஊட்டுல கொழம்பு.”

மணிமாறன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். “நான் முட்டை திங்கறதில்லீங்க. அந்த வாடையே எனக்கு ஆகாது.”

சென்னியப்பன் மேஜையைச் சுற்றி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “இப்படி ஒரு ஆளை அனுப்புன்னுதான் சாமி கபிலர்மலை முருகன்கிட்ட வேண்டியிருந்தேன். வாங்க, ஷெட்டைப் பார்த்துரலாம்.”

ஷெட் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. காலை நனைக்காமல் உள்ளே விடமாட்டார்கள். இன்டர்வியூவுக்கென்று பாலிஷ் போட்ட ஷூவோடு அதில் இறங்கி ஏறி, சளக் சளக்கென்று மணிமாறன் உள்ளே போனான். ஜெயப்பிரியா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தான். வரிசை வரிசையாகக் கூண்டுகள். அத்தனை கோழியும் இரைச்சலை நிறுத்திவிட்டு ஒன்றுபோல அவன் சட்டையைத் திரும்பிப் பார்த்தன. ஒரு கண்ணால் பார்த்தன. பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தன. அதற்குப் பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சல்.

மணிமாறன் பயந்து பின்வாங்கி, விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான். அது கூண்டோரம் போகிற தண்ணீர்க்குழாய். அவன் பிடித்த பிடியில் மூட்டு கழன்று கையோடு வந்துவிட்டது.

‘முருகா, பொழச்சேன். இப்பத் தொரத்திருவாரு’ என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாலும், போகிற நேரத்தில் பொருளைக் கெடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. குழாயைத் திரும்பச் சொருகப் பார்த்தான். சேரவில்லை. உள்ளே என்னவோ தடுத்தது. விரலை விட்டுக் குடைந்தான். கட்டியாக ஒரு பாசி உருண்டை வெளியே வந்து விழ, பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்து அவனைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டியது. பதறிப்போய்க் குழாயைச் சொருகினான். இந்த முறை சேர்ந்துகொண்டது. வரிசை முழுக்கக் கோழிகள் ஆசை ஆசையாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன.

சென்னியப்பன் குழாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “முந்தாநேத்துலருந்து இந்த லைன்ல தண்ணி ஏறல. மெக்கானிக்கு வந்து பார்த்துட்டு மோட்டாரையே மாத்தோணும்னுட்டுப் போனான். நீங்க காலெடுத்து வெச்சீங்க, வந்துருச்சு!”

“தெரியாமத்தானுங்க பண்ணிப்போட்டேன்...”

“இந்த அடக்கம் இருக்குது பாருங்க!” அவர் அவன் தோளில் கை போட்டு ஷெட்டுக்குப் பின்புறம் கூட்டிப்போனார். “அந்தா இருக்குது பாருங்க, சூப்பர்வைசர் ஊடு. நாளைக்கே சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க.”

இரண்டு அறை வீடு. வாசலில் கறிவேப்பிலை மரம். துணி காயப்போடக் கொடிகூடக் கட்டியிருந்தது. மணிமாறன் அந்தக் கொடியையே பார்த்தான். அதில் ஜெயப்பிரியாவின் சேலை ஒன்று காய்வது போலவும், தான் கீழே உட்கார்ந்து காப்பி குடிப்பது போலவும், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை போலவும் அவனுக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அவளே போன் செய்தாள். “என்னாச்சுங்க?”

“வேலை கெடைச்சிருச்சு. ஊடும் குடுக்கறாங்க. ஆனா பிரியா...”

அவள் போட்ட கூச்சலில் மறுமுனையில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்திருக்கும். “ஆனாவெல்லாம் வேண்டாங்க! பண்ணிரலாங்கன்னு சொல்லுங்க! நான் இங்க எல்லாத்துக்கும் சுவீட்டு சொல்லிட்டு வாரேன்” என்று வைத்துவிட்டாள்.

சரி, பண்ணிவிடலாம் என்றே மணிமாறன் முடிவுக்கு வந்தான். கோழி என்ன, புலியா? பழகினால் பயம் போய்விடும். அவன் வாயைத் திறக்கும்போது, தனியாக வைத்திருந்த ஒரு கூண்டின் முன்னால் சென்னியப்பன் குனிந்து நின்றார். உள்ளே ஒரு கோழி சிறகைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது.

“இதுக்கு ரெண்டு நாளா மேலுக்குச் சேரல. தீனி எடுக்கல. எனக்குச் சோறே எறங்கல சாமி” என்று அதன் கழுத்தைத் தடவினார். “இனி எனக்கென்ன, நீங்க வந்துட்டீங்க.”

மணிமாறனுக்கு வாய்வரைக்கும் ஒன்று வந்துவிட்டது. அது வழக்கமாக இன்டர்வியூவைக் கெடுக்கிற உண்மைதான். வந்தால் நிற்காது.

“ஏனுங்க, என்னைய மன்னிச்சிருங்க. எனக்குக் கோழியப் பத்தி ஒரு எழவும் தெரியாது. கொண்டை இருந்தாச் சேவல், இல்லாட்டிக் கோழின்னு நெனச்சுக்கிட்டு இருந்தவன். இங்க அறுபதாயிரத்துக்கும் கொண்டை இருக்குது. நான் கம்ப்யூட்டர்ல படம் போடறவன். நான் சொன்ன லேயர் வேற. ஒன்னு மேல ஒன்னா அடுக்கிப் படம் போடுவோம், அதுக்குப் பேரும் லேயர்தான். இந்தச் சீவனுக எங்கிட்ட மாட்டுனா ஒரு வாரம் தாங்காது. எனக்கு இந்த வேலை வேண்டாமுங்க.”

சென்னியப்பன் நிமிர்ந்தார். சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப, அந்த நூறு லேயரு?”

“கம்ப்யூட்டர்லங்க.”

“தூக்கிருவேன்னது?”

“அதுவும் கம்ப்யூட்டர்லங்க.”

“டூப்ளிகேட்டு?” இதைக் கேட்கும்போது அவர் குரலில் கொஞ்சம் நம்பிக்கை பாக்கியிருந்தது.

“அதுவுந்தானுங்க” என்றான் மணிமாறன்.

“அடச் சாமி! அதுக்காகத்தானே சம்பளத்தை ஏத்துனேன்!” என்ற சென்னியப்பனுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல்துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தார். சீக்குக் கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. மணிமாறனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது ஆபீஸ் பக்கமிருந்து, அங்கே டீ கொடுக்கிற பழனியம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மொதலாளி, சித்த மாடிக்கு வாங்க! அட்டைப்பொட்டிக்குப் படம் போட நம்ம தனப்பிரியா அம்மிணி ஒருத்தரை இன்டர்வியூ பண்ணுதுல்லீங்க? ‘எல்லா லேயரையும் டெலிட் பண்ணிட்டு மொதல்லருந்து ஆரம்பிப்பீங்களா’ன்னு அது கேட்டதுக்கு, அந்தாளு எந்திரிச்சு நின்னுக்கிட்டு, ‘முட்டை போடற சீவனை மொத்தமாக் கொல்லச் சொல்றீங்களே, இது கோழிப்பண்ணையா கசாப்புக்கடையா’ன்னு அழுகாத கொறையாச் சண்டை கட்டறாருங்க!”