மூன்றாம் ஓலையும் ஐமிச்சத்தாரும்

மன்னார் மாவட்டத்தில் விளைந்த மொத்தச் சந்தேகத்தில் பாதி, நாங்கள் வேலை செய்த முருங்கன் கந்தோரில் ஒரே கதிரையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் சந்தேகத்தை ஐமிச்சம் என்போம். ஆகவே அந்தக் கதிரைக்காரர் ஐமிச்சத்தார். தேநீர் வந்தால் முதலில் எங்களைக் குடிக்கவிட்டு, ஐந்து நிமிடம் எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் தான் குடிப்பார்.

ஒரு மதிய இடைவேளையில் கந்தோர்க் கணினியில் மர்மப் படம் ஒன்று பார்த்தோம். கடலோர வீடு, மனைவியைக் காணவில்லை. இரத்தமில்லை, அலறலில்லை. கதவு காற்றில் ஆடுகிறது, கணவன் சிரித்தபடி ஒற்றைக் கோப்பையைக் கழுவுகிறான். அவன் நல்லவனா கெட்டவனா என்று சொல்லாமலே படத்தை முடித்துவிட்டார்கள். அன்று பின்னேரம் கந்தோர்க் கதவு காற்றில் ஆடியபோது ஒருவரும் எழுந்துபோய்ச் சாத்தவில்லை.

மறுநாள் வழக்கம்போல என் கோப்பையைக் கழுவிவிட்டுத் திரும்பினால் பின்னால் ஐமிச்சத்தார்.

"தம்பி, நீ ஏன் சிரிச்சுக்கொண்டு கழுவுறாய்?"

வங்காலைப் பெண்ணோடு எனக்குக் கல்யாணம் பேசி முற்றாகியிருந்த நேரம். சிரிக்காமல் என்ன செய்வது?

என் கெட்ட காலம், கத்தோலிக்கக் கோவிலில் எங்கள் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியிடம் சொல்லலாம் என்பார்கள். எனக்குத் தெரிந்து யாரும் எதுவும் சொன்னதில்லை. ஐமிச்சத்தார் சைவர். இப்படியொரு வசதி இருப்பதை நம்பமுடியாமல் என்னிடமே இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அதன் பிறகு லீவு போட்டுவிட்டு என்னை விசாரிக்கக் கிளம்பினார். சின்ன வயதில் நான் நாய்க்குக் கல்லெறிந்தேனா என்று என் அயலட்டைச் சனத்தைக் கேட்டார். எருக்கலம்பிட்டிக் கடைக்காரரிடம் நான் கயிறு வாங்கினேனா, வாங்கினால் என்ன நீளம் என்றும் கேட்டிருக்கிறார். வாங்கினேன்தான், ஆட்டுக்கு.

மூன்றாம் ஞாயிறு வங்காலைக் கோவிலில் ஓலை வாசித்து முடிந்ததும், கடைசி வாங்கிலிருந்து எழுந்து நேரே சுவாமியிடம் போனார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணம் பாதி நின்றேவிட்டது.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தடையென்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்ற கவலை முகத்தில் தெரிந்தது. என் கல்யாணத்தையே குழப்பப் பார்த்தீர்களே என்று பாய்ந்தேன்.

"உனக்காக விசாரிக்க ஒரு ஊரே இருக்கு, தம்பி. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. அவளின்ர பக்கத்தால உன்னை ஆர் விசாரிச்சது?"

சண்டைக்குப் போனவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதையும் ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

கல்யாணமாகி நாலு வருடமாகிறது. ஞாயிறு தவறாமல் என் மனைவிக்கு அவருடைய அழைப்பு வரும். குரலைக் கேட்டு, ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று நிச்சயித்துக்கொண்டு வைத்துவிடுவார். போன ஞாயிறு அழைப்பு வரவில்லை. மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று பாதிச் சோற்றில் எழுந்தேன். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று நிச்சயித்துக்கொள்ள மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முருங்கனுக்கு, அவர் வீட்டுக்குப் போனேன்.