ஓட்டைப் பனியன் ஆட்டம்

தங்கள் தப்பை ஒப்புக்கொள்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கப்பலேற இருந்த சரக்கை நான் செய்த ஒரு விளையாட்டு இரண்டு நாள் நிறுத்திவைத்தது. ஆனாலும் அது நல்ல விளையாட்டு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை என் தாய்மாமன் திருப்பூரிலிருந்த தன் பனியன் கம்பெனிக்கு வெப்சைட் செய்யக் கூப்பிட்டார். நான் அதற்குள் ஒரு விளையாட்டையும் செருகினேன். (யாரும் கேட்கவில்லை. அதனாலென்ன?) திரையில் பனியன்கள் வரிசையாக நகரும். ஓட்டை இருப்பதைப் பார்த்து கிளிக் செய்ய வேண்டும், அவ்வளவுதான். விதி படிக்க வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். துணியில் குறை பார்க்கும் செக்கிங் அக்காக்கள் அதுவரை மௌஸைத் தொட்டதே இல்லை. அவர்களை உட்காரவைத்துப் பார்த்தேன். டீ டைம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு வரைய வராது. நான் வரைந்த பனியன் பூசணிக்காய் மாதிரி இருந்தது. அதனால் செக்கிங்கில் கழித்துப்போட்ட பனியன்களைப் படம்பிடித்துப் போட்டுவிட்டேன்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாமா பெருமையாக வெப்சைட்டைத் திறந்து காட்டினார். அந்தம்மா விளையாட ஆரம்பித்து, கொடுத்த இளநீரைக்கூடத் தொடாமல் நாலு ஆட்டம் ஆடினார். ஐந்தாவதில் கை நின்றது. திரையிலிருந்த ஓட்டைப் பனியனின் கழுத்தில் அவர் கம்பெனி லேபிள் பளிச்சென்று தெரிந்தது. (அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் முதல் வகுப்பில் தேறியவள்.) கட்டிவைத்த பெட்டிகளை எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"ஏங்கண்ணு, குடியக் கெடுத்துட்டயே! மொதல்ல அந்தக் கருமத்த அழி," என்றார் மாமா.

"எதுக்குங்க மாமா அழிக்கோணும்? கழிச்சதத்தானுங்க போட்டேன்? பெட்டிக்குள்ள ஒரே ஒரு ஓட்டை கெடச்சாலும் நானே அழிச்சர்றேன். இல்லீன்னா அது அங்கயேதான் இருக்கும்."

(பேசும்போது நன்றாகத்தான் இருந்தது.)

செக்கிங் அக்காக்களோடு நானும் இரண்டு நாள் நின்று பனியன் பிரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசிப் பெட்டியையும் முடிக்கப்போகும் நேரத்தில், என் கையிலிருந்த பனியனில், அக்குளுக்குக் கீழே மிளகளவு ஓட்டை. யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் மடித்து வைத்திருந்தால் என் விளையாட்டு பிழைத்திருக்கும். ஆனால் அத்தனை அக்காக்கள் கண்ணுக்கும் தப்பியது என் கண்ணில் பட்டிருக்கிறது! அதை எப்படி மறைப்பது?

"மாமா, கெடச்சிருச்சுங்க!" என்று பரிசு விழுந்தவள் மாதிரி கத்தினேன்.

இரண்டு நாளும் கூடவே இருந்த அந்தம்மா, இத்தனை பெட்டியில் ஒன்றே ஒன்றுதானே என்று சிரித்துவிட்டுச் சரக்கை ஏற்றச் சொன்னார். மாமா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று அழிக்கவைத்தார். அழுதுகொண்டேதான் அழித்தேன். அடுத்த மாதமே நான் வரைந்த பனியன்களை வைத்து மறுபடி செய்தேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை.

என் கல்யாணத்தில் மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளையிடம், எல்லோருக்கும் கேட்கும்படி மாமா சொன்னார்: "மாப்ள, சட்டையில ஓட்டை கீட்டை இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. இவ தனக்கே நட்டம்னாலும் காட்டிக் குடுத்துருவா."

குனிந்திருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்.

இந்தக் கதையைச் சொல்லாமல் எந்தக் கல்யாணத்திலும் மாமா பந்தியில் உட்காருவதில்லை. சொல்லட்டும். பட்டன் நிஜமாகவே தொங்கியது.